தெருவே கராஜ் சேல் போடுகிறது: நம் வீட்டிலிருந்து எதை வெளியே வைப்பது?

கேள்வி சுருக்கமாக இது: "டாலஸ் புறநகரில் இருக்கிறோம். பன்னிரண்டு வருஷத்துச் சாமான் கராஜில் அடைந்து கிடக்கிறது, கார் இரண்டும் வெளியில் நிற்கின்றன. மே மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் சப்டிவிஷன் (குடியிருப்பு) முழுக்க கராஜ் சேல், அவரவர் வீட்டு வாசலிலேயே பழைய சாமான் விற்பது. எதை வைத்தால் விற்கும், எதை வைக்கக் கூடாது? ஒவ்வொரு சாமானுக்கும் எனக்கும் கணவருக்கும் ஒரு சண்டை."

சண்டை எங்கே வருகிறது என்று ஊகிக்க முடிகிறது. "எண்பது டாலர் கொடுத்து வாங்கினது, அஞ்சு டாலருக்கா கொடுக்கறது?" என்று ஒருவர் சொல்வார். "வாங்கி எட்டு வருஷம் ஆச்சு, ஒரு தடவையாவது வெளியில எடுத்திருக்கோமா?" என்று மற்றவர் கேட்பார். வாங்கிய விலையைப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள், பாதி சண்டை ஓய்ந்துவிடும். உங்கள் டிரைவ்வேயில் வந்து நிற்கிறவருக்கு அந்த எண்பது டாலர் தெரியாது, தெரிந்தாலும் அக்கறை இல்லை. ஒவ்வொரு சாமானையும் கையில் எடுக்கும்போது ஒரே கேள்வி போதும்: இதை யாரோ 2 டாலருக்கு எடுத்துக்கொண்டு போனால் எனக்கு வயிறு எரியுமா? எரியும் என்றால் அது கராஜ் சேலுக்கான சாமான் இல்லை. அதை வேறு வழியில் விற்கலாம், அல்லது வைத்துக்கொள்ளலாம். மனசு வராமல் மேஜையில் வைத்து 40 டாலர் ஸ்டிக்கர் ஒட்டினால், மதியம்வரை வெயில் காய்ந்துவிட்டு அது மறுபடி கராஜுக்குள்தான் போகும்.

அடுத்து, யார் வருவார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எதை எடுத்து வைப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

கதவைத் திறப்பதற்கு முன்பே, விடிந்தும் விடியாமலும், டார்ச் லைட்டோடு வந்து நிற்கிறவர்கள் வாங்கி விற்கும் வியாபாரிகள். புத்தகத்தின் பின்னட்டை பார்கோடைப் போனில் காட்டி அங்கேயே விலை பார்ப்பார்கள். பழைய வீடியோ கேம், பிலிம் கேமரா, லெகோ, வார்ப்பிரும்பு வாணலி, பழைய பைரக்ஸ் கிண்ணம் என்று அவர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. எட்டு மணிக்கு மேல் குடும்பங்கள் வரும். கைக்குழந்தையோடு இருப்பவர்கள், புதிதாக வீடு எடுத்தவர்கள், அப்பார்ட்மென்ட்டிலிருந்து இப்போதுதான் மாறியவர்கள், மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் குடும்பங்கள். உண்மையில் சாமான் வாங்குகிறவர்கள் இவர்கள்தான். பத்தரை, பதினொன்றுக்கு மேல் அக்கம்பக்கத்தவர் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். பேச்சு நிறைய இருக்கும், வியாபாரம் குறைவு.

அந்த நடுக்கூட்டத்தை மனதில் வைத்து எடுத்து வையுங்கள். இன்றைக்கே வீட்டில் பயன்படுவது, ஒரு ஆள் தூக்கிக் காரில் போடக்கூடியது, பார்த்ததும் என்னவென்று புரிவது. இந்த மூன்றும் சேர்ந்தால் சாமான் நிற்காது.

முதலிடம் கருவிகளுக்கு. டிரில், சுத்தியல், ஸ்குரூ டிரைவர் செட், ஏணி, மண்வெட்டி, தோட்டத்து ஹோஸ், புல் வெட்டும் மெஷின். துருப் பிடித்திருந்தாலும் போகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மனைவி இறங்கிப் பார்க்க, கணவர் காரிலேயே உட்கார்ந்திருக்கும் காட்சியை அன்று நிறைய பார்ப்பீர்கள். ஏணியும் டிரில்லும் தெருவோரமாகக் கண்ணில் பட்டால் அவரும் இறங்கி வருவார். காரிலிருந்து இருவரும் இறங்கிவிட்டால் வெறுங்கையோடு போவது அபூர்வம். அதனால் பெரிய சாமான்களையும், சைக்கிள், ஸ்கூட்டர், பேட்டியோ நாற்காலி போன்றவற்றையும் முன்னால் வையுங்கள். கிண்ணம், கரண்டி எல்லாம் உள்ளே.

குழந்தைச் சாமான் நன்றாகப் போகும், ஆனால் உங்கள் சந்தர்ப்பத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தெரு முழுக்க விற்பனை, தெரு முழுக்க ஒரே வயதுக் குழந்தைகள். பத்து வீட்டிலும் அதே பிளாஸ்டிக் சமையலறை, அதே மூன்று சக்கர வண்டி, அதே பொம்மை நாய். விலை தானாகவே இறங்கிவிடும். இதைச் சமாளிக்க, உதிரிகளைச் சேர்த்துக் கட்டுங்கள். லெகோவை நிறம் பிரித்து ஜிப்லாக் பையில், ஹாட் வீல்ஸ் கார்களைப் பத்துப் பத்தாக, ஓடும் பொம்மைகளில் பேட்டரி போட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் பாடுகிற மாதிரி. பாடாத பொம்மையை யாரும் நம்பி வாங்க மாட்டார்கள். குழந்தை உடுப்புகளை அளவு பிரித்து வைத்தால் போகும். பெரியவர்கள் துணி போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோட், ஜாக்கெட், புதுசாக இருக்கும் ஜீன்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதையும் குவியலாகப் போட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள், ஒரு கம்பியில் ஹேங்கரோடு தொங்கவிடுங்கள்.

சமையலறையில் காபி மேக்கர், ஏர் ஃப்ரையர், வாஃபிள் மேக்கர், கண்ணாடி பேக்கிங் பாத்திரம், முழு செட்டாக இருக்கும் தட்டுகள் எல்லாம் வையுங்கள். பாதி செட், மூடி தொலைந்த டப்பா, ஜாடி உடைந்த பிளெண்டர் வேண்டாம். மின்சாரச் சாமான் எதுவானாலும் கராஜிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டை இழுத்து மேஜையருகே வைத்து, "போட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஓடுவதைக் கண்ணால் பார்த்தவர் பேரம் பேசுவதைக் குறைத்துக்கொள்வார். கிறிஸ்துமஸ் விளக்கு, செயற்கை மரம் மே மாதத்திலும் விற்கும். இந்த ஊர்க்காரர்கள் அதை வருஷம் முழுக்க வாங்குவார்கள்.

இனி நம் வீடுகளுக்கே உரிய விஷயங்கள். பொதுவான ஆலோசனை எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை.

சூட்கேஸ். ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக் கராஜிலும் ஐந்தாறு பெரிய சூட்கேஸ் ஒன்றுக்குள் ஒன்றாக அடைந்திருக்கும். 23 கிலோவுக்கு வாங்கியது, அதற்கு முன் 32 கிலோ காலத்தில் வாங்கியது, சென்னையில் சக்கரம் உடைந்து திரும்பி வந்தது. சக்கரம் நன்றாக ஓடுகிறவற்றை வையுங்கள், 5 முதல் 10 டாலருக்குச் சட்டென்று போகும். வைக்கும் முன் எல்லா உள் ஜிப்பையும் லைனிங் ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள். பழைய போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் நகல், பத்து ரூபாய் நோட்டுகள் கட்டாயம் இருக்கும். மூக்குத்தித் திருகு, தோட்டின் பின்பக்கம்கூட இருக்கலாம். கைப்பை, கோட் பாக்கெட், புத்தகப் பக்கங்களையும் அதே மாதிரி.

ரிட்டர்ன் கிஃப்ட். வளைகாப்பு, பூணூல், முதல் பிறந்தநாள், நவராத்திரி என்று வருஷக்கணக்காகச் சேர்ந்த குங்குமச் சிமிழ், குட்டிக் கிண்ணம், ஜிகினா சுருக்குப் பை. நமக்கு அலுத்துப்போன இவற்றை அமெரிக்கப் பெண்கள் ஆசையாக எடுப்பார்கள், முக்கியமாகச் சுருக்குப் பையை, நகை போட்டு வைக்க. ஒரு கூடையில் கொட்டி "ஒன்று 1 டாலர்" என்று எழுதிவிடுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம், பிரிக்காத காபி மக் செட் இவற்றில் மட்டும் எச்சரிக்கை. கொடுத்தவர் நாலு வீடு தள்ளித்தான் இருப்பார், அன்றைக்கு அவரும் ஒரு சுற்று வருவார். தெருவுக்குள் வந்த பரிசைத் தெரு விற்பனையில் வைக்காதீர்கள்.

பட்டுப் புடவை, சுடிதார் இதில் வேண்டாம். பழைய பருத்திப் புடவை சிலது வைக்கலாம். துணியை வெட்டி ஒட்டு மெத்தை தைக்கிறவர்கள் அந்தக் கரையையும் நிறத்தையும் பார்த்தால் விடமாட்டார்கள். பித்தளைச் சாமான் கவனம் ஈர்க்கும். ஆனால் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய குத்துவிளக்கு தவறுதலாக மேஜைக்கு வந்துவிட்டால் அதுவும் போய்விடும், திருப்பிக் கேட்க முடியாது. அப்படிப்பட்டவற்றை முந்தின இரவே வீட்டுக்குள் கொண்டுபோய் ஒரு அறையில் பூட்டிவிடுங்கள். கராஜ் திறந்திருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் விற்பனைக்குத்தான் என்று நினைத்து ஆட்கள் நேராக உள்ளே போய்விடுவார்கள்.

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விஷயம் தனி. இந்தியாவில் வாங்கிய 230 வோல்ட் மிக்ஸி இங்குள்ள 120 வோல்ட்டில் சரியாக ஓடாது. பிளக்கை மட்டும் மாற்றி வைத்துவிட்டு விற்பது சரியில்லை. ஊருக்குத் திரும்பிப் போகிற யாருக்காவது கொடுங்கள். இங்கே ஓடுகிற 110 வோல்ட் மிக்ஸி, டேபிள் டாப் வெட் கிரைண்டர் நல்ல நிலையில் இருந்தால் கராஜ் சேலில் வைத்து வீணடிக்காதீர்கள். உங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டால் காபி ஆறுவதற்குள் மூன்று பேர் கேட்பார்கள், விலையும் பல மடங்கு. விசில் குக்கரும் அப்படித்தான். இங்கத்தியவர்கள் அதைப் பார்த்தாலே ஓரடி பின்னால் போவார்கள். இட்லித் தட்டு மட்டும் எப்படியோ விற்றுவிடுகிறது. ஒரு பாட்டி அதைத் தூக்கிக் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, "முட்டை வேகவைக்கிறதா?" என்று கேட்டார். "வைக்கலாம்" என்றேன். கம்பியோடு 4 டாலருக்குப் போனது. என்ன செய்கிறாரோ தெரியாது.

வைக்கவே கூடாதவை பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது விலை சம்பந்தப்பட்டது இல்லை. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி, திரும்பப் பெறப்பட்ட, அதாவது ரீகால் ஆன பொருளை விற்பது குற்றம். கடைக்காரருக்கு மட்டும் இல்லை, கராஜ் சேல் போடுகிறவருக்கும் இது பொருந்தும். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமான சிபிஎஸ்சியின் இணையதளத்தில் பொருளின் பெயரையும் மாடலையும் போட்டுத் தேடினால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். குழந்தைச் சாமான் ஒவ்வொன்றையும் அப்படிப் பார்க்காமல் மேஜையில் வைக்காதீர்கள்.

பன்னிரண்டு வருஷச் சேமிப்பில் இவை இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் இறக்கி ஏற்றும் கிரிப் (குழந்தைத் தொட்டில்): 2011 ஜூன் 28 முதல் இந்த வகைத் தொட்டிலை விற்கவே கூடாது, நண்பர் கொடுத்த பழைய தொட்டில் என்றால் கட்டாயம் பாருங்கள். குழந்தை சாய்ந்த நிலையில் தூங்கும் இன்க்ளைன்டு ஸ்லீப்பர், கிரிப்பைச் சுற்றிக் கட்டும் பஞ்சு வைத்த பம்பர்: இரண்டையும் 2022இல் வந்த சட்டம் தடை செய்துவிட்டது. ஃபிஷர் பிரைஸின் ராக் அண்ட் பிளே ஸ்லீப்பர் 2019 ஏப்ரலிலேயே சுமார் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டது. இன்னும் பல கராஜ்களில் அது பெட்டியோடு இருக்கிறது, பார்க்கப் புதுசாகவும் இருக்கும். அதனால்தான் ஆபத்து. இவற்றை யாருக்கும் இலவசமாகவும் கொடுக்காமல், உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

டிரஸ்ஸர் இன்னொன்று. 2016 ஜூனில் ஐகியா நிறுவனம், சுவரோடு பிணைக்காவிட்டால் குழந்தை மேல் சாயக்கூடிய இழுப்பறை அலமாரிகளை, மால்ம் வகை உட்பட, அமெரிக்காவில் மட்டும் சுமார் 2 கோடியே 90 லட்சம் திரும்பப் பெற்றது. நம்மவர் வீடுகளில் ஐகியா அலமாரி இல்லாத படுக்கையறை அரிது. உங்களுடையது எந்த மாடல், எந்த வருஷம் என்று பின்பக்க ஸ்டிக்கரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தையைக் காரில் உட்கார வைக்கும் கார் சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. அடிப்பாகத்திலோ ஓரத்திலோ அச்சிட்டிருக்கும். பொதுவாகத் தயாரித்து 6 முதல் 10 வருஷம்வரை. தேதி தாண்டியதையும், விபத்தில் சிக்கிய காரில் இருந்ததையும் விற்காதீர்கள். தேதி மிச்சம் இருந்தாலும், அது விபத்தில் அடிபடவில்லை என்று வாங்குகிறவர் உங்கள் வார்த்தையை நம்பித்தான் எடுக்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு விற்பதைவிட நெருங்கிய உறவில் கொடுப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் அதே நியாயம். மெத்தை, தலையணை: மூட்டைப்பூச்சி பயத்தில் யாரும் தொட மாட்டார்கள். 1978க்கு முந்தைய பெயின்ட் அடித்த மேஜை, பொம்மைத் தொட்டில் ஏதாவது ஊர்க்காரர் யாரிடமிருந்தோ வந்திருந்தால், அதில் ஈயம் இருக்கலாம்; அந்த வருஷம்தான் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள்.

லேப்டாப், ஹார்ட் டிஸ்க், பழைய போன், ரவுட்டர், குழந்தையைப் பார்க்கும் கேமரா இவற்றை உள்ளிருப்பதை அழிக்காமல் கையை விட்டுப் போகவிடாதீர்கள். சரியாக அழிக்கத் தெரியாவிட்டால் விற்கவே வேண்டாம், அதற்குக் கிடைக்கப்போவது 10 டாலர்தான்.

எது அங்கே வீணாகும் என்பதும் முக்கியம். 50 டாலருக்கு மேல் எதிர்பார்க்கிற சோபா, சைக்கிள், ட்ரெட்மில், பெரிய டிவி எல்லாம் முகநூல் மார்க்கெட்பிளேஸுக்கு. விலை தெரியாத பழைய பொருள் எதுவானாலும் ஈபேயில் பெயரைப் போட்டு, "விற்றவை" என்ற வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் விலை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கும், விற்ற விலைதான் கணக்கு. இந்தச் சோதனையை விடியற்கால வியாபாரி உங்கள் டிரைவ்வேயில் நின்று செய்வதற்கு முன் நீங்கள் முந்தின வாரம் சோபாவில் உட்கார்ந்து செய்துவிடுங்கள். மிச்சத்துக்கு விலை போடும்போது கடை விலையில் பத்தில் ஒரு பங்கு, நல்ல நிலையில் இருப்பதற்கு நான்கில் ஒரு பங்கு என்று ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் 1, 2, 5 என்று முழு எண்ணில் வையுங்கள்.

வரி பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதை வாங்கிய விலைக்குக் கீழே விற்றால் வருமான வரி கிடையாது. அந்த நஷ்டத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் முடியாது. டெக்ஸஸில் வீட்டு உபயோகப் பொருட்களை வருஷத்துக்கு 3,000 டாலருக்கு மிகாமல் விற்கும் தனிநபர் விற்பனை வரி வசூலிக்கத் தேவையில்லை. பெர்மிட் விஷயத்தில் ஊருக்கு ஊர் விதி வேறு; உங்கள் வீட்டு உரிமையாளர் சங்கம் (ஹெச்ஓஏ) நடத்துவதானால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளின் பொம்மையை அவர்களைக் கேட்காமல் எடுத்து வைக்காதீர்கள். மூன்று வருஷமாகத் திரும்பிப் பார்க்காத டைனோசரை வேறொரு பையன் தூக்கும்போதுதான் உங்கள் பையனுக்கு அதன்மேல் பாசம் பொங்கும், டிரைவ்வே நடுவில் அழுகை. அவனுக்கென்று ஒரு குட்டி மேஜை கொடுத்து, அவன் பொம்மை விற்ற காசு அவனுக்கே என்று சொல்லிவிடுங்கள். எதை விற்பது என்று நம்மைவிடக் கறாராக அவனே முடிவு செய்வான். பக்கத்தில் ஒரு ஜாடி எலுமிச்சை ஜூஸும் வைக்கலாம். குழந்தைகள் லெமனேட் விற்க அனுமதி தேவையில்லை என்று டெக்ஸஸில் 2019இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

முந்தின வெள்ளிக்கிழமை வங்கியில் 1 டாலர் நோட்டாக ஐம்பதும், 5 டாலர் நோட்டு கொஞ்சமும், குவார்ட்டர் (25 சென்ட் நாணயம்) ஒரு ரோலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருகிறவர் 3 டாலர் சாமானுக்கு 20 டாலர் நோட்டைத்தான் நீட்டுவார். பணத்தை மேஜைமேல் டப்பாவில் வைக்காமல் இடுப்புப் பையில் வையுங்கள்.

பதினொரு மணிக்கு எல்லாம் பாதி விலை என்று ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். பன்னிரண்டுக்கு மேல், மிஞ்சியதை மறுபடி கராஜுக்குள் ஏற்றக் கூடாது என்பதை இப்போதே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அன்று மதியமே காரில் ஏற்றி, பழைய சாமானை நன்கொடையாக வாங்கும் குட்வில், சால்வேஷன் ஆர்மி மாதிரி இடத்தில் இறக்கிவிடலாம். கார் சீட், கிரிப், மெத்தை, பழைய குழாய் டிவி போன்றவற்றை அங்கே பெரும்பாலும் வாங்க மாட்டார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். நன்கொடை ரசீதை வைத்து வரி குறையும் என்ற நினைப்பில் எதையும் தூக்கி வைக்காதீர்கள். தனித்தனியாகக் கணக்குக் காட்டாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கிற பெரும்பாலான குடும்பங்களுக்கு சாமான் நன்கொடையால் வரியில் பைசா பிரயோஜனம் இல்லை. நன்கொடைக்கும் போகாத நாற்காலி, அலமாரியைத் தெருவோரம் வைத்து "இலவசம்" என்று எழுதி ஒட்டினால், சாயங்காலத்துக்குள் யாராவது பிக்கப் வண்டியில் வந்து எடுத்துவிடுவார்கள். பழைய பிரின்டரை மட்டும் அப்படியும் எடுக்க மாட்டார்கள், அதற்கு மின்கழிவு சேகரிக்கும் நாள் எப்போது என்று நகராட்சித் தளத்தில் பார்த்துவையுங்கள்.